மில்டன் வெலோட்ரோம்: பாலம் தாண்டிப் போய் ஓட்டத் தகுமா?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். அமெரிக்காவில் பஃபலோ, ராச்செஸ்டர், நயாகரா பக்கம் குடியிருந்து சாலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்து மில்டன் நகரில் இருக்கும் மேட்டமி நேஷனல் சைக்கிளிங் சென்டருக்குத் தாராளமாகப் போகலாம். வெலோட்ரோம் என்றால் சாய்ந்த வளைவுகளோடு சைக்கிள் பந்தயத்துக்கென்றே போட்ட சுற்றுத்தளம். ஆனால் ஒரே ஒரு தடவை ஓட்டி, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காகப் போகாதீர்கள். எல்லைச் சாவடி வரிசைக்கும் பெட்ரோலுக்கும் அது கட்டுப்படியாகாது. முதல் வகுப்பு வெறும் ருசி காட்டல்தான். படிப்படியாக வகுப்புகளை முடித்து, இவரைத் தளத்தில் தைரியமாக விடலாம் என்று பயிற்சியாளர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கொடுத்த காசுக்கும் பட்ட அலைச்சலுக்கும் பலன் தெரியும்.

நான் பஃபலோவில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். சொந்த ஊர் கரூர். சைக்கிள் பைத்தியம் நாற்பதை நெருங்கும்போது பிடித்தது. இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் ஒழுங்காகச் சாலையில் ஓட்ட முடியும். நவம்பர் வந்தால் ஈரி ஏரி தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். 2022 நவம்பரில் ஊருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் சில நாட்களில் ஆறடிக்கும் மேல் பனி விழுந்தது, நினைவிருக்கலாம். அந்த மாதிரி மாதங்களில் நிலவறையில், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னரை மாட்டி, திரையில் ஓடும் பொம்மை ஊர்களைப் பார்த்தபடி வியர்த்துக் கொட்டுவதுதான் எங்கள் கதி. அந்த ஊர்களைக் காட்டும் ஸ்விஃப்ட் செயலி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் காற்று முகத்தில் அடிக்காத சைக்கிள் என்ன சைக்கிள்?

அமெரிக்காவிலேயே தளம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் எனக்கு உதவுவதாக இல்லை. 250 மீட்டர் நீளத்தில், கூரைக்குள், மரத்தில் போட்ட தளம் என்றால் இந்த நாட்டில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார்சனில் இருப்பதுதான். நியூயார்க் நகரத்தில் கிசேனா இருக்கிறது. 400 மீட்டர், தார்த்தளம், திறந்தவெளி. பென்சில்வேனியாவின் டிரெக்ஸ்லர்டவுன் 1975-இல் திறந்த, பெயர் பெற்ற தளம். அதுவும் திறந்தவெளி கான்கிரீட். டெட்ராய்ட்டில் 2018-இல் ஒன்று திறந்தார்கள். கூரை உண்டு, ஆனால் நீளம் 166 மீட்டர்தான், சாய்வும் 50 டிகிரி. அதோடு பஃபலோவிலிருந்து டெட்ராய்ட்டுக்குக் குறுக்குவழி எதுவென்று வரைபடத்தில் பாருங்கள்: கனடா வழியாகத்தான்! இரண்டு முறை எல்லை தாண்டி அங்கே போவதைவிட ஒரு முறை தாண்டி மில்டன் போவது மேல்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் கையைப் பிடித்து வீசி முன்னே தள்ளிவிடும் மேடிசன் பந்தயம் பிறந்ததே நியூயார்க்கில்தான். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயங்கள் நடந்த காலத்தில், ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று மாகாணம் சட்டம் போட்டது. நாள் முழுக்கப் பந்தயம் நடக்க வேண்டுமே, அதனால் 1899-இல் ஜோடிகளை இறக்கினார்கள். 1930-களில் எங்கள் பஃபலோவிலும் ஆறு நாள் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. இன்றைக்கு அதே ஊர்க்காரி மரத்தளத்தைத் தொட பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது.

மில்டனுக்கு இந்தத் தளம் வந்த கதையும் சுவையானது. 2015-இல் டொரண்டோ வட்டாரத்தில் நடக்கவிருந்த பான் அமெரிக்கன் விளையாட்டுகளுக்காக வெலோட்ரோமை ஹாமில்டனில் கட்டுவதாக இருந்தது. செலவைப் பார்த்து ஹாமில்டன் பின்வாங்கியது. மில்டன் முன்வந்தது. 2001-இல் முப்பத்தோராயிரம் பேர் இருந்த ஊர் அது. 2021-இல் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இப்படி வீங்குகிற ஊரில் ஒரு சைக்கிள் அரங்கத்துக்கு இவ்வளவு செலவா என்று உள்ளூரில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 2015 ஜனவரியில் திறந்தார்கள். இன்றைய 250 மீட்டர் சர்வதேசத் தரத்தில் கனடாவில் கட்டிய முதல் உள்ளரங்கத் தளம் இது. அந்த விளையாட்டுகளில் கனடாவின் மோனிக் சல்லிவன் இங்கே மூன்று தங்கம் வாங்கினார். பிறகு உலகக் கோப்பை, நேஷன்ஸ் கப் எல்லாம் பலமுறை நடந்தாயிற்று. கனடா தேசிய அணி பயிற்சி எடுப்பதும் இங்கேதான். கால்பந்து ஆடிக்கொண்டிருந்த கெல்சி மிட்செல் 2017-இல் ஒரு திறன்தேர்வில் கண்ணில் பட்டு சைக்கிளுக்கு மாறி, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூர வேகப் பந்தயத்தில் தங்கம் வாங்கினாரே, அவர் உருண்டதும் இதே பலகைகள் மேல்தான்.

சரி, பாலத்துக்கு வருவோம். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் பாஸ்போர்ட் போதும், கவலையில்லை. கிரீன் கார்டு இருந்தால் அதையும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கிரீன் கார்டுக்காரர்களுக்குக் கனடாவின் மின்னணு அனுமதிகூடத் தேவையில்லை. எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாக் கூட்டத்துக்குத்தான் வேலை அதிகம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடாவின் வருகையாளர் விசா கட்டாயம். பல முறை போய்வரும் வகையாகக் கிடைத்தால்தான் இந்தப் பொழுதுபோக்கே சாத்தியம். திரும்பி வரும்போது அமெரிக்க விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தாலும், அமெரிக்காவில் தங்கும் அனுமதிப் பதிவான ஐ-94 செல்லுபடியில் இருந்து, கனடாவில் முப்பது நாளுக்குள் மட்டும் தங்கியிருந்தால் உள்ளே விடும் விதி ஒன்று உண்டு. ஆனால் அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. என் கட்டுரையை நம்பி அதை முயன்று பார்க்காதீர்கள். உங்கள் அலுவலக வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரம் வட்டமடிக்கப் போய் வேலைக்கே உலை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், உங்கள் மருத்துவக் காப்பீடு கனடாவில் செல்லுமா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேளுங்கள். மருந்துக்கடைக்காரி சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கீழே விழ வாய்ப்புள்ள விளையாட்டு இது.

சாவடியில் கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் போதும். ஒரு பிப்ரவரிக் காலையில் எங்களுக்கு நடந்தது இது.

"எங்கே போகிறீர்கள்?"

"மில்டனுக்கு. சைக்கிள் ஓட்ட."

அதிகாரி வெளியே பார்த்தார். பனி பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் பார்த்தார். சைக்கிள் ஒன்றும் இல்லை.

"சைக்கிள் எங்கே?"

"அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். கூரைக்குள் ஓட்டுவோம்."

பின் இருக்கையில் என் மகன் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினான். போகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வகுப்புக்குப் பதிவு செய்த மின்னஞ்சலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் செருகி வைக்கிறேன். பின்னாளில் சொந்தத் தளச் சைக்கிள் வாங்கினால் கடை ரசீதையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது, இது கனடாவில் வாங்கியதா என்ற கேள்வி வரும்.

பஃபலோவிலிருந்து பீஸ் பாலம்தான் நேர்வழி. 1927-இல் திறந்த பாலம். இந்தக் கரையில் பஃபலோ, அந்தக் கரையில் ஃபோர்ட் ஈரி. ராச்செஸ்டர்க்காரர்களுக்கு லூயிஸ்டன்–குவீன்ஸ்டன் பாலம் வசதி. ரெயின்போ பாலத்தில் அருவி பார்க்க வந்த கூட்டம் நிற்கும், கோடையில் அந்தப் பக்கமே போகாதீர்கள். வர்ல்பூல் பாலம், அடிக்கடி எல்லை தாண்டுபவர்கள் வாங்கும் நெக்ஸஸ் அட்டை இருப்பவர்களுக்கு மட்டும். அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால் அந்த அட்டைக்கு விண்ணப்பிப்பது நல்லது.

பாலம் தாண்டியதும் கியூ.இ.டபிள்யூ. நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் செயின்ட் கேத்தரின்ஸ், ஹாமில்டன், பர்லிங்டன் என்று ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். வேகப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறிவிடும். 100 என்று பார்த்ததும் அமெரிக்கக் கால் தானாக அழுத்தும், ஜாக்கிரதை. பிராண்டே (Bronte) சாலையில் திரும்பி வடக்கே போனால் மில்டன். போக்குவரத்து ஒழுங்காக இருந்தால் பாலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சேரலாம். வழிகாட்டிச் செயலி 407 என்ற கட்டண நெடுஞ்சாலையில் ஏறச் சொல்லிக் கெஞ்சும். அதில் சுங்கச்சாவடியே இருக்காது. காமிரா நம்பர்பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்குப் பில் அனுப்பும். அவசரம் இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

கட்டடம் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. முகவரியே பான் ஆம் பூலவார்டு, கதவு எண் 2015. பின்னால் நயாகரா எஸ்கார்ப்மென்ட் மேடு நீளமாகத் தெரியும். ராட்டில்ஸ்னேக் பாயின்ட் ஏற்றம் அங்கேதான் இருக்கிறது. கோடையில் போனால் காலையில் தளம், மாலையில் அந்த ஏற்றம் என்று இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் என்னைக் கவர்ந்தது தளம் இல்லை, மேல்மாடம். தளத்தைச் சுற்றி மேலே ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதில் நடக்கிறார்கள். மில்டனில் தெற்காசியக் குடும்பங்கள் ஏராளம். சல்வாரும் ஸ்வெட்டரும் ஓட்டக் காலணியுமாக நாலு பாட்டிமார் பேசிக்கொண்டே நடக்க, கீழே ஒருவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து போவார். பாட்டிகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தளத்துக்கு நடுவே உள்ள திடலில் பாட்மின்டன், கூடைப்பந்து, கைப்பந்து ஆடுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடமும் இருக்கிறது. ஒலிம்பிக் தரத்துத் தளத்தை ஊர்ப் பொதுச்சொத்தாகவும் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. சைக்கிளே ஓட்டாத என் வீட்டுக்காரருக்கும் இதனால்தான் இந்தப் பயணம் சலிக்கவில்லை. நான் கீழே சுற்றும் நேரம் முழுக்க அவர் மேலே நடப்பார். இந்தியாவில் இப்படிக் கூரைக்குள் மரத்தளம் பார்க்க வேண்டுமென்றால் தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்துக்குப் போகலாம், 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது.

இப்போது தளம். சுற்று 250 மீட்டர். வளைவில் சாய்வு 42 டிகிரி. இந்த எண்ணைப் படத்தில் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நடுத்திடலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாப் பொருட்காட்சியில் மரணக் கிணற்றுக்குள் பைக் ஓட்டுவார்களே, அதன் ஓரத்துப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்த அதே பயம். இங்கே வேடிக்கை பார்க்கிற இடத்தில் அல்ல, பலகை மேல் நான்.

சாய்வுக்குக் காரணம் எளிது. வளைவில் வேகமாகப் போகும்போது சைக்கிள் உள்பக்கம் சாய்ந்தாக வேண்டும். தரை சமமாக இருந்தால் டயர் வழுக்கும். அதனால் சைக்கிள் எவ்வளவு சாயுமோ அவ்வளவுக்குத் தரையையே தூக்கிவிட்டார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வாக்கில் போனால் தரைக்கு நேர்செங்குத்தாக, சமதரையில் ஓட்டுவது மாதிரியே உடம்புக்குத் தெரியும். வேகம் குறையக் குறையக் கீழ்ப்பக்கம் வழுக்கும் ஆபத்து. புதியவர்களுக்கு மணிக்கு 30-க்குக் குறையாமல் வளைவுக்குள் நுழையச் சொல்லித் தருவது வழக்கம். பயந்து மெதுவாகப் போனால் விழுவோம், துணிந்து மிதித்தால் நிற்போம். சாலையில் இத்தனை வருடம் பழகியதற்கு நேர் எதிர்.

சைக்கிளும் நேர் எதிர்தான். பிரேக் கிடையாது. கியர் மாற்ற முடியாது. பின்சக்கரம் சுற்றும் வரை மிதியும் சுற்றும். காலை நிறுத்தினால் சைக்கிள் நிற்காது, நம்மைத்தான் தூக்கிப் போடும். புதியவர்களுக்கு முன்னால் 48 பல், பின்னால் 15 பல் மாதிரியான நடுத்தர கியர் வழக்கம். ஒரு மிதிச் சுற்றுக்கு ஆறே முக்கால் மீட்டர் போகும், 250 மீட்டருக்கு ஏறக்குறைய 37 மிதி. நிமிடத்துக்கு 90 மிதி போட்டால் மணிக்கு 36 கிலோமீட்டர், ஒரு சுற்று 25 விநாடி. இதை நான் நிலவறையில் டிரெய்னர் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், தளத்தில் மூளைக்கு நேரம் கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: 2019-இல் பொலிவியாவின் கோச்சபம்பாவில் கெல்சி மிட்செல் 200 மீட்டரை 10.154 விநாடியில் கடந்து உலக சாதனை வைத்தார். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். மெல்லிய மலைக்காற்று உதவியது என்பார்கள். எனக்கு இமயமலைக் காற்று கொடுத்தாலும் வராது.

வகுப்பு நடக்கும் முறை இதுதான். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி, காலணியை மிதியில் பூட்டி, மிதித்துக் கிளம்பவும், திரும்பி வந்து கம்பியைப் பிடித்து நிற்கவும் பழக்குகிறார்கள். அடுத்து தளத்தின் அடியில் இருக்கும் வெளிர்நீலப் பட்டையில் சுற்றல். அது ஏறக்குறைய சமதரை. பிறகு கறுப்புக் கோடு. தளத்தின் 250 மீட்டரை அளப்பது அந்தக் கோட்டில்தான். உள்ஓரத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும். அதற்கு மேலே சிவப்புக் கோடு, ஸ்பிரிண்ட் ஓட்டுபவர்களுக்கானது. இன்னும் மேலே நீலக் கோடு. ஓட்டம் எப்போதும் இடப்பக்கம் திரும்புவதாகவே இருக்கும். மேலே ஏறுவதற்கு முன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது கட்டாயம். பின்னால் வருகிறவருக்கும் பிரேக் கிடையாது, அதை மறக்கக் கூடாது.

கறுப்புக் கோட்டில் முதல் வளைவுக்குள் நுழைகிற அந்த நொடியில் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: கீழே பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். மிசிசாகாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் அன்றைக்கு எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது சொன்னார்:

"அக்கா, கீழ பாக்காதேங்கோ. நீங்கள் எங்க பாக்கிறியளோ அங்கதான் சைக்கிள் போகும். வளைவு முடியிற இடத்தைப் பாருங்கோ."

"அது சரி தம்பி, காலு நடுங்குதே."

"நடுங்கட்டும். நிப்பாட்டாம மிதியுங்கோ. மிதிச்சுக்கொண்டிருந்தா ஒண்டும் நடக்காது."

ஒன்றும் நடக்கவில்லை. நேர்ப்பகுதியில் வேகம் கூட்டி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நுழைந்தபோது தரை என் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பியது. உடம்பு கனமாகிறது, இருக்கையில் அழுந்துகிறது, நேர்ப்பகுதிக்கு வந்ததும் அந்தக் கனம் விடுகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது போன்ற ஒரு வேகம் சும்மா கிடைக்கிறது. பலகை மேல் டயர் போகும் ஓசை வேறு, அடிவயிற்றில் கேட்கும். டிரெய்னரில் ஒரு மணி நேரம் ஓட்டினால் முப்பது தடவை கடிகாரம் பார்ப்பேன். இங்கே பயிற்சியாளர் முடிந்தது என்று கையசைத்தபோது எரிச்சல் வந்தது.

அடுத்த கட்ட வகுப்புகளில் சுவை கூடுகிறது. நாலைந்து பேர் ஒரு சக்கர இடைவெளியில் வரிசையாகப் போவது. முன்னால் போகிறவர் வளைவில் மேலே ஏறி, ஏற்றத்திலேயே வேகத்தைக் குறைத்து, வரிசை முழுக்கக் கீழே கடந்து போனதும் இறங்கி வால்பகுதியில் சேர்ந்துகொள்வார். பிரேக் இல்லாத வண்டியில் வேகம் குறைக்க இந்த ஏற்றம்தான் கருவி. இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தால் மட்டுமே வகுப்பு இல்லாமல் தானாக ஓட்டும் சுதந்திர நேரத்தில் விடுவார்கள். கெடுபிடியாகத் தெரியலாம். என்னைக் கேட்டால் இந்தக் கெடுபிடிதான் இந்த இடத்தின் பெரிய நல்ல குணம். தெரியாத ஒருவர் என் முன்னால் காலை நிறுத்தினால் போகிறது என் தோள்பட்டை எலும்பு.

ஆபத்தைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. பொறுப்புத் துறப்புப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2011-இல் மான்செஸ்டர் உலகக் கோப்பையில் விழுந்தபோது சுமார் 20 சென்டிமீட்டர் நீளப் பலகைச் செதில் கெண்டைக்காலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. அவர் எழுந்து போய்க் கோட்டைத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். பிறகு 2017-இல் கெய்ரின் என்ற பந்தய வகையில் உலக சாம்பியனும் ஆனார். அவர் வேறு பிறவி. நமக்கு வழுக்கி விழுந்தால் தொடையில் தோல் உரியும், ஒன்றிரண்டு சிறு செதில் ஏறும். கைமுழுதும் மூடிய சட்டை, விரல்வரை மூடிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் புட்டி, போன், சாவி எதுவும் உடம்பிலோ சைக்கிளிலோ இருக்கக் கூடாது. தளத்தில் ஏதாவது விழுந்தால் பின்னால் வருகிறவர் கதி என்னவாகும்? காலணிப் பூட்டு எந்த வகை என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு சைக்கிளின் இருக்கை உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போனால் வாடகைச் சைக்கிளைப் பொருத்தும் நேரம் மிச்சம்.

இடங்கள் சீக்கிரம் நிரம்பும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். தேசிய அணியின் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் தளம் போய்விடும் வாரங்கள் உண்டு. அதனால் விடுதி போடுவதற்கு முன் தளத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். பதிவு மில்டன் நகராட்சி வழியாக நடக்கிறது. கட்டணத்தை இங்கே எழுதவில்லை, அது மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் கனடா டாலரில் என்பதால் நம் அமெரிக்க டாலர் பர்சுக்கு விலை இதமாகவே தெரியும். சொந்தச் சைக்கிள் வாங்கும் அவசரம் வேண்டாம். வாடகைச் சைக்கிளில் பழகி, இந்தப் பித்து தீராது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

யாருக்கு ஒத்துவராது? மிதியும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும் ஃபிக்ஸட் கியரில் காலே வைத்திராத, சாலையிலும் கூட்டமாக ஓட்டிப் பழகாதவர்களுக்கு முதல் நாள் மிரட்சியாக இருக்கும். அவர்கள் முதலில் உள்ளூர்க் குழுவோடு வரிசையில் ஓட்டிப் பழகட்டும். கழுத்து, முதுகுப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். வளைவில் அந்தக் கனம் கழுத்துக்கும் சேர்த்துத்தான். வயது ஒரு தடை இல்லை. என்னோடு ஓட்டியவர்களில் நரைமுடி அதிகம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். என் மகன் ஒரே வகுப்பில் கற்றதை எனக்குக் கற்க நெடுநாள் ஆயிற்று. அதைத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக் காட்டுவான்.

வகுப்பு முடிந்ததும் நேரே பாலத்துக்கு ஓடாதீர்கள். கால் சோர்ந்திருக்கும், பசி கொல்லும். மிசிசாகா அரை மணி நேரம்தான். அங்கே யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இடியப்பமும் சொதியும் சம்பலும் பொதியாகவே கிடைக்கும், கொத்து ரொட்டி தட்டும் சத்தம் வாசல்வரை கேட்கும். என் வீட்டுக்காரருக்கு இந்தப் பயணத்தின் முக்கிய நிகழ்ச்சி இதுதான், வெலோட்ரோம் இடைவேளை. தமிழ்க் கடைகளில் மளிகையும் வாங்கலாம். பொடி வகைகளுக்குத் தொல்லை இல்லை. ஆனால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுவர அனுமதி கிடையாது, எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதற்காக. பழங்களிலும் பலவற்றுக்குத் தடை உண்டு. கையில் என்ன இருந்தாலும் கேட்கும்போது சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது ஹாமில்டனைத் தாண்டியதும் பாலங்களின் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு மாலையில் பீஸ் பாலத்தில் வரிசை நீளமாக இருந்தால், நயாகரா பக்கம் திரும்பி குவீன்ஸ்டன் வழியாக வருவது பலமுறை எங்களுக்குச் சீக்கிரமாகவே இருந்திருக்கிறது.